நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு ‘ள்’

மெய்ப்புப் பார்க்கவும் பிரதி திருத்தவும் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். பேச்சு எனக்கு வராது, எழுதித் தருகிறேன் என்றேன். ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன. பாதியை இப்போது கணினியே சொல்லிவிடுகிறது. நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். ஒரே ஓர் எழுத்து. நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அதே நினைப்பில் உடம்பெல்லாம் ஒரு துள்ளலும் வருகிறது. இரண்டும் எப்படிச் சேர்ந்து வரும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நாவலின் பெயரைச் சொல்ல மாட்டேன். கொலையாளி யாரென்று இன்னும் சற்று நேரத்தில் போட்டு உடைக்கப் போகிறேன். உங்களில் யாராவது அதை இனிமேல் படிக்கக்கூடும். நார்வேக்காரர் ஒருவர் எழுதிய துப்பறியும் நாவல் என்பது மட்டும் போதும்.

எங்கள் பதிப்பகம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு மாடியில் இருந்தது. கீழே உரக்கடை. பள்ளிக்கூட வழிகாட்டிகள், பக்திப் புத்தகங்கள், சமையல் குறிப்புகள் இவைதான் எங்கள் சரக்கு. ஒருநாள் முதலாளி வந்து, “அம்மணி, படிச்சா கீழ வைக்க மனசு வராத மாதிரி ஒரு புஸ்தகம் போடோணும்” என்றார். எங்கெங்கோ எழுதிக் கேட்டு உரிமையும் வாங்கிவிட்டார். ஆங்கிலம் வழியாக மொழிபெயர்க்க, சித்தூரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஞானசேகரனைப் பிடித்தோம்.

கதை இதுதான். உறைந்துபோன ஏரியின் கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே மீன் ஆலையின் உரிமையாளர் காணாமல் போகிறார். அன்று காலையில், தலை முதல் கால் வரை போர்த்திய யாரோ ஒருவர் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு ஏரியின் மேல் நடந்து போவதை ஊர்த் தபால்காரர் தூரத்திலிருந்து பார்க்கிறார். அந்த ஆளைத் தேடி போலீஸ் ஊரில் இருக்கும் ஆண்களையெல்லாம், பாதிரியார் வரைக்கும், விசாரிக்கிறது. ஆனால் வண்டி இழுத்தது ஒரு பெண். பள்ளிக்கூட நர்ஸ். ஆலையில் நடந்த தங்கையின் சாவை விபத்து என்று மூடி மறைத்தவரை அவள் கொன்றிருக்கிறாள். கதை முழுக்க இன்ஸ்பெக்டருக்கு ஒத்தாசையாக இருப்பவளும் அவள்தான்.

ஆங்கிலத்தில் இது சுலபம். யாரோ நடந்தார்கள் என்று ஆணா பெண்ணா சொல்லாமலே எழுதிக்கொண்டு போய்விடலாம். தமிழில் வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடும். போனான், போனாள், போனார். மரியாதை கொடுத்தாலும் சந்தேகம் வரும், ஒரு கொலைகாரருக்கு ஏன் இத்தனை மரியாதை என்று. ஞானசேகரன் பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, ‘உருவம்’ என்ற சொல்லைக் கண்டுபிடித்து வந்தார். ஓர் உருவம் நடந்தது, நின்றது, போனது. “உருவம்னு வச்சுட்டா ஆணும் இல்லீங்க, பொண்ணும் இல்லீங்க்கா” என்று அவர் சொன்னபோது முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

பிரதி என்னிடம் வந்தது. இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை, அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள், நாற்பத்தோராம் பக்கத்தில் ‘உருவம்’ ஐந்து தடவை வருவது காதில் இடித்தது. இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கி ஓர் ‘உருவ’த்தை எடுத்துவிட்டேன். இப்போது படிக்க நன்றாக இருந்தது. டைப் செய்யும் பெண்ணிடம் தாளைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

புத்தகம் வெளிவந்தது. என்ன சொல்ல! அந்த மாடியில் தொலைபேசி அப்படி அடித்து நான் பார்த்ததில்லை. பாடத்தில் பிழை என்று வாத்தியார்கள் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான் எங்களுக்குப் பழக்கம். இப்போதோ கதையைப் பற்றிப் பேச மனிதர்கள் கூப்பிட்டார்கள்.

கல்பாத்தியிலிருந்து, வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் பேசினார். “ஏம்மா, அந்த இன்ஸ்பெக்டர் பக்கத்துக்குப் பக்கம் காப்பி குடிச்சுண்டே இருக்காரே, எப்போ கேஸைப் பார்ப்பார்? நான் எண்ணிட்டேன். முப்பத்தியேழு காப்பி!”

“புத்தகம் பிடிச்சுதுங்களா சார்?”

“பிடிச்சுதாவா? ஆத்துல ரெண்டு நாளா யாரையும் என்னண்ட பேச விடலை.”

வேலந்தாவளத்துக்காரர் ஒருவர் நேரிலேயே மாடியேறி வந்தார். தென்னந்தோப்பு வைத்திருப்பவர். “ஏனுங்க, அத்தன குளுர்ல ஊட்ட விட்டு வெளிய வந்து ஒருத்தன கொல்லோணும்னா, உள்ளுக்குள்ள எத்தன ஆங்காரம் இருந்திருக்கோணும்!” என்று சொல்லிவிட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்து அந்தத் தங்கையின் சாவைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனார். சக்குபள்ளத்திலிருந்து ஒரு கடிதம்: ‘பனி எங்கள் ஊரிலும் உண்டு. காலையில் இறங்கும், ஒன்பது மணிக்குப் போய்விடும். அதில் காலடித் தடம் எப்படி விழும் என்று தெரியப்படுத்தவும்.’ ஞானசேகரனும் நானும் அதைப் படித்துச் சிரித்தோம், பிறகு சிரிப்பை நிறுத்தினோம். அவர் கேட்டது நியாயமான கேள்வி. முழங்கால் உயரம் கொட்டிக் கிடக்கும் பனி என்று நாங்கள் எங்கேயும் சொல்லியிருக்கவில்லை.

இரண்டு மூன்று பேர், “ஆரம்பத்துலயே யாருன்னு தெரிஞ்சுபோச்சுங்க” என்றார்கள். கெட்டிக்கார வாசகர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த விமர்சனம் வந்தது.

எழுதியவர் பெரிய விமர்சகர். இலக்கியப் பத்திரிகை ஒன்றில் மாதாமாதம் எழுதுவார். எங்களைப் போன்ற பதிப்பகத்தின் புத்தகத்தை அவர் கையில் எடுத்ததே செய்தி. எடுத்ததோடு நிற்காமல் மூன்று பக்கம் புகழ்ந்திருந்தார். புகழ்ந்தது எதைத் தெரியுமா? நாற்பத்தோராம் பக்கத்தை. கொலையாளி பெண் என்பதை அந்த இடத்திலேயே ஒரு வினைமுற்றின் விகுதியில் மொழிபெயர்ப்பாளர் துணிச்சலாக வெளிப்படுத்திவிடுகிறார், ‘யார்’ என்ற மலிவான கேள்வியை ஒழித்து ‘ஏன்’ என்ற ஆழமான கேள்விக்கு நம்மைத் திருப்புகிறார் என்று எழுதியிருந்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேசையில் கிடந்த புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஓர் உருவம் ஏரியின் மேல் வந்தது, நின்றது. அடுத்து நான் ஒட்டிய வாக்கியம். ‘தலையைக் குனிந்தபடி, திரும்பிப் பாராமல், வண்டியை இழுத்துக்கொண்டு போனாள்.’

போனாள்.

வேறு யாரும் எழுதவில்லை. என் கை எழுதியது. கொலையாளி யார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது என் கைக்கும் தெரிந்திருந்தது. நான் கவனிக்காத நேரத்தில் அது சொல்லிவிட்டது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிவு தெரிந்த பிறகு பிரதியில் கை வைக்கிறவரைவிட ஆபத்தான ஆள் ஒரு துப்பறியும் கதைக்குக் கிடையாது.

அடுத்த பத்து நிமிடத்தில் ஞானசேகரன் கூப்பிட்டார். “அக்கா, நான் ‘போனது’ன்னுதானுங்க எழுதியிருக்கறேன். பைலு எங்கிட்ட இருக்குது. யாரு மாத்துனாங்க?”

நான் சொன்னேன், “அச்சுப்பிழையா இருக்கும். பார்க்கறேன்.”

நம் தொழிலில் இந்தச் சொல் ஒரு நல்ல மறைவிடம். அதற்குள் யார் வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம். ஆனால் நான் ஒளிந்துகொண்டால் வெளியே ஒருவர் மாட்டிக்கொள்ள வேண்டுமே. எல்லோரும் டைப் செய்யும் பெண்ணைப் பார்த்தார்கள். “நான் தாள்ல இருக்கறததான் அடிப்பனுங்க” என்று மட்டும் அவள் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

முதலாளிக்கோ கால் தரையில் பாவவில்லை. “பிழையோ என்னமோ, அவரே பெருசா எழுதிட்டாரு. ரெண்டாம் பதிப்புல அட்டையிலயே அவரு சொன்னதப் போட்டுரலாம். அந்த எழுத்து அப்படியே இருக்கட்டும். திங்கக்கெழம மத்தியானம் அச்சுக்குப் போகுது.” ஞானசேகரன் தொலைபேசியிலேயே சண்டை போட்டார். தான் செய்யாத துணிச்சலுக்குத் தனக்குப் பாராட்டு வேண்டாம் என்றார். முதலாளி சிரித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளதைச் சொன்னால் பெரிய விமர்சகர் அசிங்கப்படுவார், முதலாளி மனம் உடைந்துபோவார், என் பேர் கெடும். சொல்லாமல் விட்டால் எல்லோருக்கும் லாபம். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் மறுபடி தொலைபேசி அடித்தது. பெண் குரல். ரகசியம் பேசுகிற மாதிரி மெதுவாக.

“அக்கா, நான் சாந்தன்பாறையில இருந்து பேசுதேன். எம்பேரு எஸ்தர். ஏலக்கா ஸ்டோர்ல வேல. புஸ்தகத்துக்குப் பின்னால இந்த நம்பர் இருந்துச்சு. நீங்க அத முழுசாப் படிச்சிருக்கீங்களா?”

“படிச்சிருக்கேன். நான்தான் திருத்தினது.”

“அப்பாடா!” என்று அவள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. “அப்ப உங்ககிட்ட பேசலாம். மூணு வாரமா வயித்துக்குள்ள வச்சிருக்கேன்க்கா. வெடிச்சிரும் போல இருக்கு.”

பிறகு சொன்னாள். அவள் வேலை செய்யும் ஸ்டோரில் இருபது பெண்கள். உலர்ந்த ஏலக்காயைத் தரம் பிரிக்கும் வேலை. கைக்குத்தான் வேலை, காது சும்மா இருக்கும். பஞ்சாயத்து வாயனசாலையிலிருந்து, அதாவது நூலகத்திலிருந்து, எங்கள் புத்தகத்தை எடுத்துவந்து எஸ்தர் தினமும் அரை மணி நேரம் வாசிக்கிறாள். அவள் வாசிக்கும் நேரத்துக்கு அவளுடைய பங்குக் காயை மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கை பிரித்துப் போட்டுவிடுவார்கள்.

“மறுநாள் வாசிக்கப் போறத முந்தின நாளே லயத்து வீட்டுல ஒருக்கா ஓட்டிப் பாத்துருவேன். இல்லன்னா நாக்கு தட்டும். அப்படிப் பாக்கையிலதான் நாப்பத்தோராம் பக்கத்துல ‘போனாள்’னு இருந்துச்சு. அதுவரைக்கும் உருவம் போச்சு, உருவம் நின்னுச்சுன்னு வந்துட்டு இது என்ன திடீர்னு? பொறுக்க முடியல. கடைசி அத்தியாயத்தத் திருப்பிட்டேன்.” குரல் அழப்போவது போல ஆனது. “எனக்குக் கதை அன்னைக்கே போச்சுக்கா.”

மேசையில் கிடந்த புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

“ஆனா இவளுகளுக்குப் போகக்கூடாதுல்ல? மறுநாள் வாசிக்கும்போது அந்த எழுத்த முழுங்கிட்டு ‘போச்சு’ன்னு வாசிச்சேன். ஒருத்திக்கும் தெரியாது. தங்கம் பாதிரியாரச் சந்தேகப்படுதா. பாக்கியம் அக்கா அந்த இன்ஸ்பெக்டரே செஞ்சிருப்பான்னு சொல்லுது, ஒத்தையில இருக்கான், ராத்திரி பூரா முழிச்சிருக்கான்னு. நான் எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு உக்காந்திருக்கேன். அந்த நர்ஸு வார எடத்துலெல்லாம் என் குரல் மாறிருமோன்னு பயம். யார்ட்ட சொல்ல? இந்த மலையில தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான்.”

குற்றம் சொல்ல அவள் கூப்பிடவில்லை. பேசத் துணை வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறாள். நான் அவளிடமும், “அச்சுப்பிழைம்மா” என்றேன்.

“சரிக்கா. சனிக்கெழம கடைசி அத்தியாயம். வாறீங்களா?”

வருகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது.

வெள்ளிக்கிழமை பொள்ளாச்சி, திண்டுக்கல் என்று பஸ் மாறி மாறி போடிக்குப் போய்ச் சேர்ந்தேன். சனிக்கிழமை காலையில் தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்பில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. போடிமெட்டு ஏறியதும் பனி வந்து மூடிக்கொண்டது. சக்குபள்ளத்துக்காரர் கேட்ட கேள்வியின் நியாயம் கண்ணுக்கு முன்னால் நின்றது. ஜீப்பின் முன்சக்கரமே தெரியவில்லை, காலடித் தடம் எங்கே தெரியப்போகிறது.

எஸ்தருக்கு முப்பது வயது இருக்கும். ஒல்லியான பெண். தலையில் துண்டு கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ரகசியம் தெரிந்த இரண்டு பேர் சந்தித்துக்கொண்டோம். “கொழிஞ்சாம்பாறையில இருந்து வந்திருக்காங்க, இந்தப் புஸ்தகம் போட்ட ஆளு” என்று அவள் சொன்னதும் இருபது பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஒருத்தி கேட்டாள், “அப்ப உங்களுக்குத் தெரியும். ஒரு சாடை காட்டுங்க, பாதிரியார்தானே?” நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். அதுதான் தங்கம்.

நீளமான அறை. தரையில் முறங்களும் பச்சைக் குவியல்களும். மூக்கைத் துளைக்கும் ஏலக்காய் வாசனை. மதியம் இரண்டு மணிக்கு எஸ்தர் ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். சூப்பர்வைசர் ஒரு மலையாளி. வாசலுக்கு வெளியே, முதுகைக் காட்டிக்கொண்டு, நோட்டுப் பார்க்கிற மாதிரி நின்றார். நோட்டைப் பிடித்திருந்தது தலைகீழாக.

எஸ்தர் வாசித்தாள். நான் எத்தனையோ முறை படித்துத் திருத்திய வரிகள். முதல் முறையாகக் கேட்டேன். இன்ஸ்பெக்டர் நர்ஸின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். அவள் கதவைத் திறக்கிறாள். மூலையில் சறுக்குவண்டி சாய்த்து வைத்திருக்கிறது. அவள் ஒன்றும் பேசாமல் தங்கையின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அவர் கையில் கொடுக்கிறாள்.

காய் பிரிக்கும் கைகள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசியாக நின்றது பாக்கியம் அக்காவின் கை.

“ஏ ஆத்தி!” என்று தங்கம் கத்தினாள். அவ்வளவுதான். கூரை பறந்தது. ஒருத்தி எழுந்து நின்றாள். ஒருத்தி முறத்தைத் தட்டிவிட்டாள். “நர்ஸா? நம்ம நர்ஸா?” என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். சூப்பர்வைசர் உள்ளே ஓடிவந்து, “நர்ஸோ? ஐயோ, நானும் அந்த அச்சனையில்லே சந்தேகப்பட்டது!” என்று பாதிரியாரைச் சொன்னார். அத்தனை பேரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஓர் எழுத்தினால் நான் இதைக் கெடுத்திருப்பேன். எத்தனை வீடுகளில், எத்தனை பேருக்குக் கெடுத்தேனோ.

சத்தம் அடங்கியதும் தங்கம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். “இது ஏமாத்து வேல. தபால்காரன் பாத்த எடத்துல ‘வண்டிய இழுத்துட்டுப் போனான்’னுதானே வந்துச்சு? ஆம்பளன்னு சொல்லிட்டு இப்பப் பொம்பளன்னா?”

“போனான்னு நான் வாசிக்கல. போச்சுன்னு வாசிச்சேன்” என்றாள் எஸ்தர்.

“போனான்னுதான் வாசிச்ச. எங்காதுல கேட்டுச்சு.”

எனக்கும் கேட்டுச்சு, எனக்கும் கேட்டுச்சு என்று பாதிப் பேர் சொன்னார்கள். யாரும் சொல்லாத ஆண்பிள்ளையை அவர்களே மனதுக்குள் நடக்க விட்டிருக்கிறார்கள். அந்த நார்வேக்காரர் இதைப் பார்த்திருந்தால் குதித்திருப்பார்.

“புஸ்தகத்தக் குடு, பாப்போம்.” எஸ்தர் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். தங்கம் பிடுங்கிவிட்டாள். நாற்பத்தோராம் பக்கம். விரலை வைத்து வரி வரியாக இறங்கினாள். விரல் நின்றது. முகம் மாறியது.

“போனாள்.” தலையை நிமிர்த்தி எஸ்தரைப் பார்த்தாள். “இங்கயே சொல்லியிருக்காங்க. நீ மாத்தி வாசிச்சிருக்க. மூணு வாரமா எங்கள முட்டாளாக்கியிருக்க.”

எஸ்தர் என்னைப் பார்க்கவில்லை. என்னை இழுத்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம், ஆனாலும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் அலுவலகத்தில் அந்த டைப் செய்யும் பெண் நின்றது போலவே.

நான் எழுந்தேன். “தங்கம், எஸ்தர் மேல தப்பில்லீங்க. அந்த எழுத்து நான் போட்டது. எழுதுனவர் சரியாத்தான் எழுதியிருந்தாரு. அழகு பண்றேன்னு நான் கை வச்சேன். அச்சுப்பிழைன்னு அவகிட்ட பொய்யும் சொன்னேன். உங்க கதைய நான் கெடுக்கப் பார்த்தேன், அவ காப்பாத்துனா.”

தங்கம் மெதுவாக எஸ்தர் பக்கம் திரும்பினாள்.

“அப்ப உனக்கு மூணு வாரமாத் தெரியுமா?”

எஸ்தர் தலையாட்டினாள்.

“நான் பாதிரியார்தான்னு சத்தியம் பண்ணையில நீ ஆமா ஆமான்னு தலையாட்டுனியே, எடுபட்டவளே!” எஸ்தர் தலையில் கட்டியிருந்த துண்டை உருவி அவளை அடித்தாள். அடி விழ விழ எஸ்தர் சிரித்தாள். சிரித்துச் சிரித்து அழுதாள். மூன்று வாரம் அடைத்து வைத்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. மற்றவர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, அந்த இடத்தில் என்ன நினைத்தாய், இந்த இடத்தில் எப்படிச் சிரிப்பை அடக்கினாய் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

பாக்கியம் அக்கா மட்டும் என்னிடம் வந்தார். “இந்தப் புஸ்தகம் அடுத்து உடும்பஞ்சோல ஸ்டோருக்குப் போகுது. அங்க எஸ்தர் கெடையாது. யாரு முழுங்குவா?”

பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அவர் பிடித்துக்கொண்டு நிற்க, அந்தப் புத்தகத்திலேயே அடித்துத் திருத்தினேன். வாழ்க்கையில் நான் போட்ட திருத்தங்களில் அதைப் போல் கை நிதானமாகப் போட்டது வேறொன்று இல்லை.

திங்கட்கிழமை காலை. முதலாளி அட்டையை மேசையில் விரித்து வைத்திருந்தார். விமர்சகரின் வாக்கியம் பெரிய எழுத்தில் சிவப்பாக இருந்தது. அதற்குச் சம்மதம் வாங்க ஞானசேகரனையும் வரச் சொல்லியிருந்தார். டைப் செய்யும் பெண்ணை நான் கூப்பிட்டேன். அவள் முன்னாலேயே சொன்னேன், மாற்றியது நான், மறைத்ததும் நான், உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று. “எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா?” என்றாள்.

முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டார். “இப்ப எதுக்குங்க அம்மணி இத? அவரே நல்லாருக்குதுன்னு சொல்றாரு. படிக்கறவங்களுக்கு என்னங்க நட்டம்?”

சனிக்கிழமை மத்தியானம் என்ன நடந்தது என்று சொன்னேன். இருபது கையும் நின்றதைச் சொன்னேன். தலைகீழ் நோட்டைச் சொன்னபோது சிரித்துவிட்டார். “படிச்சா கீழ வைக்க மனசு வராத புஸ்தகம் வேணும்னு கேட்டது நீங்கதானுங்க. அது அந்த ‘போனது’க்குள்ளதான் இருக்குது” என்றேன். முதலாளி அட்டையைச் சுருட்டி வைத்துவிட்டு, “அவருகிட்ட நீங்களே சொல்லுங்க. எனக்குத் தைரியமில்லீங்க” என்றார்.

விமர்சகரைக் கூப்பிட்டேன். முழுவதையும் கேட்டார். “அப்படியானால், யாரோ கவனமில்லாமல் செய்த பிழைக்கு நான் மூன்று பக்கம் தத்துவம் எழுதியிருக்கிறேன்.”

“நீங்கள் அச்சில் இருந்ததைப் படித்து எழுதினீர்கள் சார். தவறு என்னுடையது.”

இணைப்பைத் துண்டித்துவிட்டார். ரொம்ப நாள் எங்கள் புத்தகம் எதையும் அவர் தொடவில்லை. ஆனால் அடுத்த மாதம் தன் பகுதியின் அடியில் இரண்டு வரி எழுதினார்: தான் பாராட்டிய இடம் ஒரு திருத்தப்பிழை என்று தெரியவருகிறது, இருந்தாலும் அந்த நாவல் அப்படியே எழுதப்பட்டிருந்தால் இன்னும் சிறப்பாக இருந்திருக்கும். நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிழையை ஒப்புக்கொண்டு தீர்ப்பை விட்டுக்கொடுக்காத மனிதர். அவர் மேல் எனக்கு மரியாதை கூடத்தான் செய்தது.

அந்தத் திங்கட்கிழமைக்கே திரும்புகிறேன். அட்டையை நிறுத்தவும் அந்த எழுத்தை மாற்றவும் சொல்ல முதலாளி அச்சகத்துக்குப் பேசப் போனார். ஞானசேகரனும் நானும்தான் அறையில். அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்வது என்று முடிவும் செய்திருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் அருகில் வந்தார்.

“அக்கா, நர்ஸுன்னு தெரிஞ்சப்ப மொதல்ல யாரு சத்தம் போட்டாங்க?”

“தங்கம். ஏ ஆத்தின்னு.”

“இருங்க, இருங்க. மொதல்ல இருந்து சொல்லுங்க. புஸ்தகத்தத் தொறக்கறப்ப எல்லாரும் எப்படி உக்காந்திருந்தாங்க?”

முதலிலிருந்து சொன்னேன். பெட்டியின் மேல் எஸ்தர், குவியல்கள், கதவருகே சூப்பர்வைசர். படத்தைச் சுவரிலிருந்து கழற்றும் இடத்தை இரண்டு முறை சொல்லச் சொன்னார். அந்த வரியை எட்டுத் தடவை மாற்றி எழுதியதாகச் சொன்னார், அதுவரை எனக்குத் தெரியாது.

“கெளம்பறப்ப பாக்கியம் அக்கா ஜீப்புக்குப் பின்னாடியே ஓடிவந்தாங்க” என்றேன். “அந்த நர்ஸுக்கு எத்தன வருசம் போடுவாங்கன்னு கேட்டாங்க. வெளிய வந்தா அந்த ஊருல மறுபடி வேல குடுப்பாங்களான்னு கேட்டாங்க.”

ஞானசேகரன் ஒரு வருடம் அந்த நாவலோடு வாழ்ந்தவர்.

“நான் அத யோசிக்கவே இல்லீங்க்கா” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “குடுப்பாங்களா?” என்று கேட்டார்.

அந்த ஊரில் யார் யார் அவள் பக்கம் நிற்பார்கள் என்று இரண்டு பேரும் எண்ண ஆரம்பித்தோம். தபால்காரர் நிற்பார் என்றார் அவர். பாதிரியார் நிற்கவே மாட்டார் என்றேன் நான்.